பொருள் எண் 214

ஒண்டிப்புதூரில் மூடிய மில்லுக்கு
ஏலத்துக்கு முன்பு விலை போட வந்தேன்.
மேனேஜர் அறை: மேசை மூன்று, இரும்பு பீரோ நான்கு,
கழற்ற முடியாத ஃபேன் ஒன்று.
பிறகு சுவரில் இந்தப் படம்.
எண்ணெய் வண்ணம். தேக்குச் சட்டம்.
மூலையில் ஒரு கையெழுத்தின் வால், 1943.

சீமையில் ஏதோ ஒரு வீடு. முன்சுவர் இல்லை.
டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்த மாதிரி
குண்டு அதை எடுத்துப் போயிருக்கிறது.
மாடியில் மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி,
துணிமேல் கோப்பையில் நிமிர்ந்து ஒரு முட்டை.
ஆள் இல்லை.
நாற்காலி மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கிடக்கிறது.
மேலே முக்கால் படத்துக்கு வானம்,
பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்தில்.

கலைக் கல்லூரி ஹெப்சிபா மேடம் வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கு உரசும் தூரத்தில் நின்றார்.
முட்டை, இன்னும் உடையாதது என்றார்.
வெள்ளைத் துணி சரணடைதல்;
பிணப் போர்வையாகவும் இருக்கலாம்.
வானத்து மூலையில் வெள்ளியாகத் தெரிவது
விமானத்தை மறிக்கக் கட்டிய பலூன்,
நிலா இருக்கவேண்டிய இடத்தில் வைத்திருக்கிறான்.
தூரிகை குறைவு, முழுக்கக் கத்தி வேலை.
யுத்தத்தில் நீலம் கிடைத்திருக்காது,
அதனால்தான் வானம் இப்படி.

'அப்ப இது பாணியா, பஞ்சமா?'

'ரெண்டுக்கும் நடுவுல கோடு எதும்மா' என்றவர்
இருண்ட கதவுக்குள் விரலை நீட்டினார்:
'இங்க பாருங்க. ஒரு சின்ன மேடு.
இங்க மட்டும் சாயத்தைத் திரட்டி வெச்சிருக்கான்.
யாரோ நிக்கிறாங்க.'

சாவிக் கொத்தோடு நின்ற வாட்ச்மேன் நாச்சிமுத்து
அதுவரை வாய் திறக்கவில்லை.
'வானம் மழைக்கு நிக்குது.
நாற்காலி நெழல் மட்டும் காலடியிலயே கெடக்குதுங்.
இது நம்மூரு சித்திர வெயிலுங்.'
மேடம் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.
அந்த வெள்ளைக்காரன் எங்கே உட்கார்ந்து வரைந்தானோ,
போத்தனூர் ரயில் சத்தம் கேட்டுக்கொண்டோ என்னவோ.
'அது கெடக்குட்டுங். முட்டைய ஏன் திங்காம போனான்?'
வாரத்துக்கு ஒன்றுதான் ரேஷன் என்றார் மேடம்.
'அட, அப்புறமும் உட்டுட்டா போனான்?'

படத்தைக் கழற்றித் திருப்பினோம்.
பின்பக்கம் முதலில் கண்ணில் பட்டது
சட்டத்தின் இடுக்கில் ஒட்டியிருந்த
பல்லி முட்டை இரண்டு.
அப்புறம் முத்திரை:
ஸ்ரீ பொன்னூத்து மில்ஸ், கோயமுத்தூர்.
கூடாரத் துணி. யுத்த சப்ளை.
குறுக்கே ஒரு சொல், கழிவு.
முன்பக்கம் ஒரு துளி கிடைக்காத நீலம்
இங்கே எழுத்தெழுத்தாக,
எண்பது வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு.

கழித்ததற்குக் காரணமும் தெரிந்தது.
பாவு இழை ஒன்று அறுந்து
அவசரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்,
மிளகு அளவு.
ராத்திரி ஷிப்டோ, தூக்கக் கலக்கமோ,
மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தாரோ.
முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்தேன்.
முன்னால் மேடத்தின் சுட்டுவிரல்
கதவுக்குள் நின்றவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.
அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.
'அசையுது' என்றார்.

படிவத்தில் 'குறைபாடு' என்று ஒரு கட்டம் உண்டு.
பேனாவைத் திறந்து, மூடி,
விலையை மட்டும் எழுதினேன். குறைவாகத்தான்.
பல்லி முட்டை உடையாமல்
திரும்ப மாட்டச் சொன்னேன்.
நாச்சிமுத்து மாட்டினார், லேசாகக் கோணலாக.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதிரில்
ஆஃப்பாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.
தட்டு வந்தது. கூடவே பேங்கிலிருந்து போன்.
லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
நாற்காலியைத் தள்ளிவிட்டு
வெயிலுக்குள் இறங்கி நின்று
ஹலோ, ஹலோ என்கிறேன்.
பின்னாலிருந்து கடைக்காரர்:
'ஏனுங், முட்ட ஆறிப்போகுதுங்.'